கேடிஸ் வக்கீலின் ஒற்றை வாக்கியம்

கதை சேற்றில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் ஜான் பாரன் என்பவர் கூட்டாகச் சேர்ந்து ஒரு படகுத்துறை வைத்திருந்தார். நல்ல ஆழம், பெரிய கப்பல்களே வந்து அணையும். நகர நிர்வாகம் தெருக்களைச் சீரமைக்கும்போது சில ஓடைகளின் போக்கைத் திருப்பிவிட்டது. ஒவ்வொரு மழைக்கும் மணலும் வண்டலும் அடித்து வந்து பாரனின் துறைக்கு முன்னால் படிந்தன. ஆழம் போயிற்று, கப்பல் நின்றது, வருமானமும் நின்றது. பாரன் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் 4,500 டாலர் நஷ்டஈடு தரச் சொன்னது. மேல்முறையீட்டில் அதுவும் கைநழுவியது. கடைசியில் வழக்கு வாஷிங்டனிலுள்ள உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பாரனின் வாதம் எளிமையானது. பொதுக் காரியத்துக்காக ஒருவரின் சொத்தை எடுத்தால் உரிய ஈடு தரவேண்டும் என்று அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் சொல்கிறது. எனக்கு ஈடு எங்கே?

1833-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்புச் சொன்னார். உரிமைச் சாசனம் என்று போற்றப்படும் முதல் பத்துத் திருத்தங்களும் தேசிய அரசைக் கட்டுப்படுத்த வந்தவை. மாநிலங்களையும் அவற்றின் கீழுள்ள நகராட்சிகளையும் அவை தொடாது. மாநிலங்களைக் கட்ட நினைத்திருந்தால் அரசியலமைப்பை எழுதியவர்கள் அதை வெளிப்படையாகவே எழுதியிருப்பார்கள். வேறோர் இடத்தில், ‘எந்த மாநிலமும் இன்னின்னது செய்யலாகாது’ என்று பெயர் சுட்டி எழுதியும் இருக்கிறார்கள். ஆகவே பாரனுக்கு ஒன்றும் கிடையாது.

படகுத்துறைக்காரர் ஒருவரின் நஷ்டத்தோடு இது முடிந்திருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. ஆனால் இந்தத் தீர்ப்பின்படி பேச்சுரிமை, மத உரிமை, முறையான விசாரணை எல்லாமே வாஷிங்டன் அரசுக்கு எதிராக மட்டுமே செல்லுபடியாகும் சரக்காகிவிட்டன. தென் மாநிலங்களில் அடிமை முறையை எதிர்த்துத் துண்டறிக்கை அச்சிட்டால் சிறை. அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்கத் தேசிய அரசியலமைப்பில் இடமில்லை. மார்ஷலின் தர்க்கத்தில் பிழை கண்டுபிடிப்பது கடினம். அதன் விளைவு கொடூரமானது. இந்த இரண்டையும் ஒருசேர உணர்ந்த ஒரு சிற்றூர் வக்கீல்தான் இந்தக் கதையின் நாயகர்.

ஜான் ஆர்மர் பிங்கம் 1815 ஜனவரி 21-இல் பென்சில்வேனியாவின் மெர்சரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். பையன் ஓஹையோவின் கேடிஸ் ஊரில் கடை வைத்திருந்த சித்தப்பாவிடம் போய்ச் சேர்ந்தான். பிறகு மெர்சரில் ஒரு பத்திரிகை அச்சகத்தில் தொழில் பழகினான். அடுத்தது ஓஹையோவின் நியூ ஏதென்ஸில் இருந்த பிராங்கிளின் கல்லூரி. ஊரும் சிறிது, கல்லூரியும் சிறிது. ஆனால் அடிமை முறை பாவம் என்று வெளிப்படையாகப் பேசிய இடம் அது. அங்கே டைட்டஸ் பாஸ்ஃபீல்ட் என்ற கருப்பின மாணவரும் படித்தார். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். இருவரும் நண்பர்கள், பிரிந்த பிறகும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். அந்தக் காலத்து அமெரிக்க அரசியல்வாதிகளில் கருப்பினத்தவரோடு ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தவர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். பிங்கமின் பிற்காலப் பிடிவாதத்துக்கு வேர் எங்கே என்று கேட்டால் நான் சட்டப் புத்தகங்களுக்கு முன் இந்தக் கல்லூரியைத்தான் காட்டுவேன்.

1840-இல் வக்கீலானார். கேடிஸ் பகுதியில் தொழில், கொஞ்ச காலம் அரசு வழக்கறிஞர் வேலை, பிறகு அரசியல். கான்சாஸ், நெப்ராஸ்கா பகுதிகளுக்கு அடிமை முறை பரவ வழிதிறந்த 1854-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மேல் வடக்கே எழுந்த கோப அலையில் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானார். விரைவிலேயே குடியரசுக் கட்சி உருவாகி, அதில் சேர்ந்துகொண்டார்.

1859-இல் ஓரிகான் பிரதேசம் மாநிலமாகச் சேர வந்தது. அது அடிமை முறையைத் தடைசெய்திருந்தது. கூடவே, சுதந்திரமான கருப்பினத்தவர்கூட உள்ளே வந்து குடியேறவோ சொத்து வைத்திருக்கவோ வழக்குப் போடவோ கூடாது என்றும் தன் அரசியலமைப்பில் எழுதி வைத்திருந்தது. அடிமை முறை இல்லையே, போதும் என்று பலர் திருப்தி அடைந்தார்கள். பிங்கம் எழுந்து எதிர்த்தார். உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றுக்கான பாதுகாப்பு குடிமகனுக்கு மட்டும் உரியதன்று, மனிதனாகப் பிறந்த எவருக்கும் உரியது என்பது அவர் வாதம். ஓரிகான் மாநிலமாகிவிட்டது; அவர் தோற்றார். ஆனால் குடிமகனுக்குச் சில உரிமைகள், மனிதனாயிருப்பவன் எவனுக்கும் சில உரிமைகள் என்று அன்று அவர் பிரித்துக் காட்டிய கோடு ஏழு ஆண்டு கழித்து அப்படியே அரசியலமைப்புக்குள் போகப் போகிறது.

உள்நாட்டுப் போர் நடுவே 1862 தேர்தலில் பிங்கம் தோற்றார். லிங்கன் அவரை ராணுவ நீதித்துறையில் பணியமர்த்தினார். 1865 ஏப்ரலில் லிங்கன் கொலையுண்டதும், சதியில் ஈடுபட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட எட்டுப் பேரும் ராணுவத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தப்பட்டார்கள். பொதுமக்களை ராணுவம் விசாரிப்பதா, ஜூரி எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதற்குப் பதில் சொல்லி, தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்று வாதாடியவர் பிங்கம். நான்கு பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் ஒருவர் மேரி சுராட் என்ற விடுதி நடத்திய பெண். அடுத்த ஆண்டிலேயே, வேறொரு வழக்கில், சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவம் விசாரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையான சட்ட நடைமுறை இல்லாமல் யாருடைய உயிரையும் பறிக்கக்கூடாது என்று நாட்டுக்கே எழுதிக் கொடுத்த கை, அதற்கு ஓராண்டு முன்தான் இந்த வாதத்தை எழுதியிருந்தது. இதை மழுப்பிவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. 1867-இல் சபையிலேயே பெஞ்சமின் பட்லர் என்ற சக உறுப்பினர், இவர் வீழ்த்திய ஒரே எதிரி ஓர் அப்பாவிப் பெண் என்ற பொருள்படக் குத்திக் காட்டினார். பிங்கம் கொதித்துப்போனார். அந்த வடு கடைசிவரை ஆறவில்லை.

1864 தேர்தலில் வென்றிருந்ததால் 1865 டிசம்பரில் மறுபடி சபையில் வந்து உட்கார்ந்தார். நாட்டின் நிலைமை விசித்திரமாக இருந்தது. பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்துவிட்டது. ஆனால் தோற்றுப்போன தென் மாநிலங்கள் ‘கருப்பர் சட்டங்கள்’ என்ற பெயரில் அதைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தன. மிசிசிப்பியில் கருப்பினத்தவர் ஊர் எல்லைக்கு வெளியே நிலம் குத்தகைக்கு எடுக்கமுடியாது. ஆண்டு தொடக்கத்தில் வேலையும் இருப்பிடமும் உண்டு என்பதற்கு எழுத்துமூலச் சான்று வைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து அபராதம். அபராதம் கட்ட முடியாதவரைக் கூலிக்கு விட்டுவிடுவார்கள். அடிமை முறை போய்விட்டது, அடிமை வேலை போகவில்லை.

இதற்கு என்ன செய்வது என்று ஆராய இரு சபைகளிலிருந்தும் பதினைந்து பேர் கொண்ட கூட்டுக் குழு அமைந்தது. தலைவர் செனட்டர் ஃபெசண்டன். பிரதிநிதிகள் சபைத் தரப்பில் கோலோச்சியவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். இவரும் வக்கீல், பென்சில்வேனியாக்காரர், அடிமை முறையின் பரம விரோதி. பிங்கமும் குழுவில் ஒருவர்.

1866 பிப்ரவரியில் பிங்கம் கொண்டுவந்த முதல் வரைவு தோற்றுப்போனது. அந்தத் தோல்வி நடந்த விதத்தில்தான் பின்னால் வந்த வாக்கியத்தின் பிறப்பு ரகசியமே இருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் எல்லா மனிதருக்கும் உயிர், சுதந்திரம், சொத்து ஆகியவற்றில் சமமான பாதுகாப்பை உறுதிசெய்யச் சட்டம் இயற்றும் அதிகாரம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு உண்டு என்பது அந்த வரைவு. நியூயார்க்கைச் சேர்ந்த ராபர்ட் ஹேல் பயந்தார்: இப்படி எழுதினால் மாநிலங்களின் அத்தனை சட்டங்களிலும் காங்கிரஸ் தலையிடலாமே! அதே மாநிலத்தின் கைல்ஸ் ஹாட்ச்கிஸ் வேறு திசையிலிருந்து அடித்தார்: அதிகாரத்தைக் காங்கிரஸ் கையில் கொடுக்கிறீர்கள், நாளைக்கு எதிரணி பெரும்பான்மை பெற்றால் அந்த உரிமைகள் என்ன ஆகும்? உரிமையை அரசியலமைப்பிலேயே பதித்து வையுங்கள், எந்தக் காங்கிரஸாலும் கைவைக்க முடியாதபடி.

இரண்டாவது எதிர்ப்பில் இருந்த நியாயம் பிங்கமுக்கு உறைத்தது. வரைவு ஒத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையில் குடிமை உரிமைகள் மசோதா ஒன்று சபைக்கு வந்தது. கருப்பினத்தவரும் குடிமக்களே, ஒப்பந்தம் செய்யவும் வழக்குப் போடவும் சொத்து வாங்கவும் அவர்களுக்கும் உரிமை உண்டு என்று சொல்லும் மசோதா. எழுதியவர் செனட்டர் லைமன் டிரம்புல். பிங்கம் வாழ்நாள் முழுக்கக் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. மார்ச் 9-இல் அவர் எழுந்து அதை எதிர்த்தார்! நோக்கத்தில் அவருக்கு மறுப்பில்லை. இப்படி ஒரு சட்டம் போட அரசியலமைப்பு நமக்கு அதிகாரம் தரவில்லை, முதலில் அரசியலமைப்பைத் திருத்துங்கள் என்றார். சொந்தக் கட்சிக்காரர்கள் எரிச்சலடைந்தார்கள். ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் மசோதாவை நிராகரித்தார். காங்கிரஸ் ஏப்ரல் 9-இல் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு அந்த நிராகரிப்பைத் தள்ளிவிட்டுச் சட்டமாக்கியது. ஆனால் உள்ளூர எல்லோருக்கும் பிங்கம் கிளப்பிய சந்தேகம் இருந்தது. நீதிமன்றம் இதை ரத்துசெய்தால்? எதிரணி வந்து ஒரே நாளில் நீக்கிவிட்டால்? திருத்தம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. தனக்குப் பிடித்த சட்டத்தையே அதிகாரமில்லை என்று எதிர்க்கும் வக்கீல் புத்தியை அரசியலில் யாரும் ரசிப்பதில்லை. இங்கே அந்தப் புத்திதான் காரியத்தைச் சாதித்தது.

ஏப்ரலில் ராபர்ட் டேல் ஓவன் என்ற சீர்திருத்தவாதி ஒரு திட்டத்தை ஸ்டீவன்ஸிடம் கொடுத்தார். குழு அதை அடிப்படையாக வைத்து வேலை தொடங்கியது. பிங்கம் தன் வாசகத்தை அதில் செருகினார், ஏற்றார்கள். சில நாளில் எடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. ஏப்ரல் 28-இல் அது திருத்தத்தின் முதல் பிரிவாகவே வைக்கப்பட்டது.

இப்போது வாசகத்தின் உருவமே மாறியிருந்தது. ‘காங்கிரஸுக்கு அதிகாரம் உண்டு’ என்ற தொடக்கம் போய், ‘எந்த மாநிலமும் செய்யலாகாது’ என்று தொடங்கியது. குடிமக்களின் சிறப்புரிமைகளைக் குறைக்கும் சட்டத்தை எந்த மாநிலமும் இயற்றவோ அமல்படுத்தவோ கூடாது. உரிய சட்ட நடைமுறை இன்றி எந்த மனிதரின் உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கக்கூடாது. தன் எல்லைக்குள் இருக்கும் எந்த மனிதருக்கும் சட்டங்களின் சமப் பாதுகாப்பை மறுக்கக்கூடாது. ஆங்கிலத்தில் மொத்தம் 52 சொற்கள். முதல் பகுதி குடிமக்களுக்கு, அடுத்த இரண்டும் மனிதர் எவருக்கும். ஓரிகானில் தோற்ற அதே கோடு.

அந்தத் தொடக்கம் எங்கிருந்து வந்தது? 1871-இல் சபையில் பேசும்போது பிங்கமே சொன்னார்: பாரன் வழக்கின் தீர்ப்பை மறுபடி எடுத்துப் படித்தேன், மாநிலங்களைக் கட்டவேண்டுமானால் எப்படி எழுதியிருக்கவேண்டும் என்று மார்ஷல் அதில் காட்டியிருந்தார், அவர் காட்டிய வழியிலேயே எழுதினேன். பாரனின் வழக்கைத் தோற்கடித்த தீர்ப்பே அந்தத் தீர்ப்பை வீழ்த்தும் வாக்கியத்துக்கு அச்சு வார்த்துக் கொடுத்திருக்கிறது.

மே 10-இல் பிரதிநிதிகள் சபை 128-க்கு 37 என்ற வாக்கில் நிறைவேற்றியது. செனட்டில் ஃபெசண்டன் உடல்நலமில்லாததால் ஜேக்கப் ஹவர்ட் அறிமுகம் செய்தார். அங்கேதான் அமெரிக்க மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்ற வரி பிங்கமின் வாக்கியத்துக்கு முன்னால் சேர்ந்தது. ஜூன் 13-இல் கீழவை இறுதி ஒப்புதல் தந்தது.

குறைகளும் கூடவே பிறந்தன. கருப்பினத்தவருக்கு வாக்குரிமையை இந்தத் திருத்தம் நேரடியாகத் தரவில்லை. வாக்கை மறுத்தால் பிரதிநிதித்துவம் குறையும் என்று இரண்டாம் பிரிவில் சுற்றிவளைத்துச் சொன்னது. அந்தப் பிரிவில்தான் வாக்காளரைக் குறிக்க ‘ஆண்’ என்ற சொல் முதன்முதலாக அமெரிக்க அரசியலமைப்புக்குள் நுழைந்தது. பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய எலிசபெத் கேடி ஸ்டாண்டனும் சூசன் அந்தோணியும் அடைந்த கோபத்துக்கு முழு நியாயம் உண்டு. ஸ்டீவன்ஸுக்கும் திருப்தியில்லை, தேவதூதர்களோடு அல்ல, மனிதர்களோடு வாழ்வதால் கிடைத்ததை ஏற்கிறேன் என்ற தொனியில் பேசி வாக்களித்தார்.

மாநிலங்களின் ஒப்புதல் எளிதில் வரவில்லை. டென்னசி தவிர மற்ற பழைய கலக மாநிலங்கள் மறுத்தன. ஒப்புதல் தந்தால்தான் காங்கிரஸில் இடம் என்று 1867-இல் சட்டம் போட்ட பிறகே வழிக்கு வந்தன. பிங்கமின் சொந்த மாநிலம் ஓஹையோ 1867-இல் ஒப்புதல் தந்தது; ஆட்சி மாறியதும் 1868 ஜனவரியில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நாளைக்கு எதிரணி வந்தால் என்ன ஆகும் என்று ஹாட்ச்கிஸ் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுடச்சுடப் பதில் கிடைக்காது. இருந்தாலும் 1868 ஜூலையில் பதினான்காம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஜனாதிபதி ஜான்சன் மீதான பதவிநீக்க விசாரணையில் பிரதிநிதிகள் சபைத் தரப்பு வழக்கை நடத்திய குழுவுக்குப் பிங்கம்தான் தலைவர். பட்லரும் அதே குழுவில் இருந்தார். ஒரே ஒரு வாக்கில் ஜான்சன் தப்பினார்.

அதன்பின் சரிவு. கிரெடிட் மொபிலியர் ரயில்வே பங்கு ஊழலில் பெயர் அடிபட்ட உறுப்பினர்களில் பிங்கமும் உண்டு. 1872-இல் கட்சி மறுபடி சீட்டுக் கொடுக்கவில்லை. ஜனாதிபதி கிராண்ட் அவரை ஜப்பானுக்குத் தூதராக அனுப்பினார். 1873 முதல் 1885 வரை டோக்கியோவில் இருந்தார். ஜப்பான்மீது திணிக்கப்பட்ட சமமற்ற ஒப்பந்தங்களைத் திருத்தவேண்டும் என்று பேசி, பிரிட்டிஷ் தூதர் ஹாரி பார்க்ஸோடு அடிக்கடி முட்டிக்கொண்டார்.

அவர் ஜப்பானுக்குக் கிளம்பிய அதே 1873-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய வாக்கியத்தின் முதல் பகுதியை முடக்கிப் போட்டது. நியூ ஆர்லியன்ஸ் கசாப்புக்கூட வழக்கு; ஐந்துக்கு நான்கு. குடிமக்களின் சிறப்புரிமைகள் என்பதற்கு நீதிபதிகள் கொடுத்த பொருளில் மிஞ்சியது வெறும் சக்கைதான். 1896-இல் பிளெசி வழக்கில், ரயிலில் கருப்பருக்குத் தனிப் பெட்டி வைத்தாலும் சமத்துவம் கெடாது என்று தீர்ப்பு வந்தது. சமப் பாதுகாப்பை எழுதியவர் அப்போது கேடிஸில் உயிரோடு இருந்தார்.

நடுவே ஒரு வெளிச்சம். 1886-இல் சான்பிரான்சிஸ்கோ சலவைக்கூட வழக்கு. மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த அனுமதி வேண்டும் என்றது நகர விதி. சீனர்கள் சுமார் இருநூறு பேர் விண்ணப்பித்தார்கள், ஒருவருக்கும் கிடைக்கவில்லை. மற்றவர்கள் எண்பது பேருக்கு, ஒருவர் நீங்கலாக, கிடைத்தது. சீனர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற முடியாத காலம் அது. ஆனாலும் ‘எந்த மனிதருக்கும்’ என்றுதானே எழுதியிருக்கிறது என்று நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டில் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு ரயில்வே கம்பெனிகளும் ‘நாங்களும் மனிதரே’ என்று உள்ளே புகுந்தன. கூட்டுக் குழுவில் பிங்கமோடு இருந்த ராஸ்கோ கான்க்ளிங், குழுவின் எண்ணமே அதுதான் என்று அதற்கு முன்பே ஒரு வழக்கில் ரயில்வேக்காக வாதாடியிருந்தார். குழுவின் குறிப்பேட்டை அவர் திரித்துப் படித்தார் என்று பின்னால் ஆய்வாளர்கள் காட்டினார்கள். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக எழுதியது அரை நூற்றாண்டு காலம் கம்பெனிகளுக்கே அதிகம் உதவியது.

பிங்கம் 1900 மார்ச் 19-இல் கேடிஸில் இறந்தார்.

வாக்கியம் விழித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். 1925 முதல் பேச்சுரிமை தொடங்கி ஒவ்வோர் உரிமையாக மாநிலங்களையும் கட்டத் தொடங்கியது. 1947-இல் நீதிபதி ஹியூகோ பிளாக், உரிமைச் சாசனத்துக்கு அதை வரைந்த மாடிசன் எப்படியோ, முதல் பிரிவுக்குப் பிங்கம் அப்படி என்று ஒரு மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். 1954-இல் பிரவுன் வழக்கு பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தகர்த்தது. ஆயுதம் பிங்கமின் கடைசிப் பகுதி.

கடல் தாண்டியும் வந்தது. சட்டத்தின்முன் சமத்துவம் என்ற ஆங்கிலேய மரபோடு சட்டங்களின் சமப் பாதுகாப்பு என்ற பிங்கமின் சரக்கைச் சேர்த்துக் கட்டியதுதான் இந்திய அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு. அதுவும் குடிமகனுக்கு மட்டுமன்றி இந்திய எல்லைக்குள் இருக்கும் எவருக்கும் பொருந்தும். நடுப் பகுதியான ‘உரிய சட்ட நடைமுறை’ மட்டும் வாசலிலேயே நிறுத்தப்பட்டது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா சென்று நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்துவிட்டு வந்த பின், நீதிபதிகள் கையில் அவ்வளவு அதிகாரம் கூடாது என்ற கருத்து வென்றது. சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் சபையில் அந்த முடிவுக்கு ஆதரவாகப் பேசினார். முதல் அடி விழுந்ததும் சென்னை மாநிலத்து வழக்கில்தான்: 1950-இல் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன், விசாரணையின்றி அடைத்தது செல்லாது என்று கேட்டுத் தோற்றார். மேனகா காந்தி வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் நடைமுறை நியாயமானதாக இருக்கவேண்டும் என்று சொல்லி அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இலங்கை அரசியலமைப்பின் 12-ஆம் உறுப்புரையிலும், மலேசியாவின் 8-ஆம் பிரிவிலும், சிங்கப்பூரின் 12-ஆம் பிரிவிலும் சமப் பாதுகாப்பு இருக்கிறது.

பிங்கம் குழப்பமான மண்டை, சொற்பெருக்குக்காரர், தான் என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் எழுதியவர் என்று இகழ்ந்த அமெரிக்க அறிஞர்கள் உண்டு. பேச்சில் ஆடம்பரம் இருந்தது உண்மை. ஆனால் முதல் வரைவையும் இரண்டாம் வரைவையும் பக்கத்தில் வைத்துப் படிப்பவர் இப்படிச் சொல்லமாட்டார். எதிரி சொன்ன நியாயத்தை ஏற்று, பாரனைத் தோற்கடித்த தீர்ப்பிலிருந்தே சொல்லெடுத்துத் திருத்தி எழுதியவருக்குத் தான் செய்வது தெரிந்தே இருந்திருக்கிறது.

கேடிஸில் நீதிமன்றத்துக்கு முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. அவர் மாநிலமான ஓஹையோ, திரும்பப் பெற்ற ஒப்புதலை மறுபடி தந்தது 2003-இல்.